வஹிதா கேட்ட சத்தம்

தருமபுரிப் பக்கம் ஓர் எஞ்சின் நின்றுபோனால் ஜனங்கள் முதலில் கடவுளை நினைப்பார்கள். அடுத்ததாக மெக்கானிக் அன்வர் பாஷாவை நினைப்பார்கள். அவசரத்தில் சிலர் இந்த வரிசையை மாற்றியும் நினைப்பதுண்டு.

அன்வர் பாஷாவுக்குக் கட்டை கட்டையான விரல்கள். நகத்தடியில் எப்போதும் கறுப்பு ஆயில் இருக்கும். ஆனால் அந்த விரலை எஞ்சினின் சிலிண்டருக்குள் விட்டு ஒரு சுற்றுச் சுற்றினால், "இந்தப் பக்கம் ஒரு முடி அளவு தேஞ்சிருக்கு" என்பார். பிறகு கருவி வைத்து அளந்தால் அவர் சொன்னது அப்படியே இருக்கும். அன்வர் பாஷா சொன்னால் சொன்னதுதான் என்று ஊரே பேசும்.

அவருடைய மகள் வஹிதா ஆறாம் வகுப்புப் படித்தாள். உலகத்திலேயே பெரிய கெட்டிக்காரர் தன் அத்தாதான் என்பது அவள் எண்ணம். அந்த விஷயத்தில் நானும் அவள் கட்சிதான்.

ஆனால் வஹிதாவுக்கு ஒரு விஷயம் தெரியும். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. அவளுடைய அத்தாவுக்குக் காது சரியாகக் கேட்கவில்லை.

இருபது வருடம் எஞ்சின்களின் இரைச்சலுக்குள்ளேயே வேலை செய்த காது அது. பின்னால் சைக்கிள் மணி அடித்தால் அவர் நகர மாட்டார். அதனால் வஹிதா எப்போதும் அவருக்கு வலது பக்கமாக நடப்பாள். சைக்கிள் வந்தால் அவர் சட்டையைப் பிடித்து மெல்ல இழுப்பாள். அவரும் ஒன்றும் கேட்காமல் ஒதுங்குவார். இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதே இல்லை.

1985-ஆம் வருடக் கோடைத் தொடக்கத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, மொரப்பூர்ப் பக்கத்து விவசாயி பச்சியப்பன் பட்டறைக்கு ஓடிவந்தார்.

"பாய்! எஞ்சின் போச்சுங்க பாய்!" என்று அவர் போட்ட சத்தத்தில் எதிர்க்கடை டீ மாஸ்டர் திரும்பிப் பார்த்தார். பச்சியப்பன் எப்போதும் அப்படித்தான் பேசுவார்.

அவருடைய கிணற்றிலிருந்து தண்ணீர் இறைக்கும் ஆயில் எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகி, அதன் பிளாக் பிளந்துவிட்டது. பிளாக் என்பது எஞ்சினின் உடம்பு. பிஸ்டன் ஏறி இறங்குவது அதற்குள்தான். சூட்டைத் தணிக்கும் தண்ணீர் ஓடுவதும் அதன் சுவருக்குள்தான். மற்ற சாமான்கள் எல்லாம் நன்றாக இருந்தன. நல்ல பழைய பிளாக் ஒன்று கிடைத்தால் எல்லாவற்றையும் அதில் பொருத்தி மறுபடி ஓட்டிவிடலாம்.

"ரெண்டு ஏக்கர் தக்காளிங்க பாய். பூவும் பிஞ்சுமா நிக்குது. பக்கத்துத் தோட்டத்து மாதையன் அவரு தண்ணியில கொஞ்சம் விடறாரு. பத்து நாளைக்குத்தான் முடியும்னு சொல்லிட்டாரு. அதுக்கப்புறம் எல்லாம் கருகிப்போயிடும்."

"பிளாக் எங்கயாவது பாத்தீங்களா?"

"பாத்துட்டேன்! மொரப்பூர்ல பழைய இரும்புக்கடை வெங்கடாசலத்துக்கிட்ட ஒண்ணு இருக்குது. பச்சைப் பசேல்னு இருக்குதுங்க. நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லிட்டா போதும்."

மறுநாள் சனிக்கிழமை. பள்ளிக்கூடம் இல்லை. வஹிதாவும் அத்தாவோடு பஸ் ஏறினாள்.

இரும்புக்கடை வாசலில் பச்சியப்பனின் மாட்டு வண்டி தயாராக நின்றது. உள்ளே போன வஹிதா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நடுவில் இரண்டு மரக்கட்டைகளின் மேல் அந்தப் பச்சை பிளாக் இருந்தது. பச்சியப்பன் காலையிலேயே வந்து அதற்கு மஞ்சள் பூசி, குங்குமப் பொட்டு வைத்து, ஒரு முழம் கனகாம்பரமும் சுற்றியிருந்தார். இன்னும் வாங்கவே இல்லை!

"நல்ல நேரம் போயிடுமில்ல பாய், அதான் பொட்டு வச்சிட்டேன்" என்றார் பச்சியப்பன். "பொட்டு வச்சதை இனிமே வேணாம்னு சொல்லக்கூடாதுங்க."

கடைக்காரர் வெங்கடாசலம் சிரித்தார். அவர் எதற்கும் சிரிப்பவர். தூங்கும்போதுகூடச் சிரிப்பார் என்று சொல்வார்கள்.

அன்வர் பாஷா சின்னச் சுத்தியலை எடுத்தார். பழைய பிளாக்கைச் சோதிக்க முதல் வழி அதுதான். நல்ல இரும்பைத் தட்டினால் 'டிங்ங்ங்' என்று சத்தம் நீளும். உள்ளே எங்கேயாவது விரிசல் இருந்தால் 'டப்' என்று அடங்கிவிடும்.

அவர் தட்டினார். டிங்ங்ங்.

இந்தப் பக்கம் தட்டினார். டிங்ங்ங்.

தண்ணீர்க் குழாய் மாட்டும் இடத்துக்குக் கீழே தட்டினார். டப்.

வஹிதாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அத்தாவைப் பார்த்தாள். அவர் சுத்தியலைப் பார்க்கவில்லை. பிளாக்கையும் பார்க்கவில்லை. தட்டிவிட்டு வெங்கடாசலத்தின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சத்தம் எப்படி இருந்தது என்று மற்றவர் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறார்! அந்த முகமோ எப்போதும்போலச் சிரித்துக்கொண்டிருந்தது.

"நல்லா இருக்கு" என்றார் அன்வர் பாஷா.

"அப்புறமென்ன, பாயே சொல்லிட்டாரு!" என்று பச்சியப்பன் வண்டிக்காரரைக் கூப்பிட வாசலுக்குப் போனார்.

சும்மா இருந்துவிட்டால் என்ன ஆகும்? எஞ்சின் ஓடிச் சூடானதும் விரிசல் விரியும். தண்ணீர் ஒழுகி, எஞ்சின் மறுபடி அளவுக்கு மீறிச் சூடாகும். எல்லாம் வீண். இன்னொரு பிளாக் தேடுவதற்குள் தக்காளிச் செடிகள் கருகிவிடும். பாவம், பச்சியப்பன் மாமா.

சொல்லிவிட்டால்? "அத்தா, உங்களுக்குக் காது கேக்கல" என்று இத்தனை பேர் முன்னால் எப்படிச் சொல்வது? நினைக்கும்போதே அவளுக்கு அழுகை வந்தது.

"அத்தா, இன்னொரு தடவை தட்டிப் பாருங்களேன்."

"பாத்தாச்சும்மா" என்றார் அவர். வேறு பக்கம் பார்த்தபடிதான் சொன்னார்.

வஹிதா ஒரு நிமிடம் யோசித்தாள். அத்தாவின் காது கேட்காவிட்டால் என்ன? ஒரு முடி தேய்ந்தாலும் கண்டுபிடிக்கும் விரல்கள் இருக்கின்றனவே!

அவர் கையிலிருந்து சுத்தியலை வாங்கிக்கொண்டாள். அவருடைய வலது கையைப் பிடித்து, பச்சை பிளாக்கின் மேல் வைத்தாள்.

"உள்ளங்கை வேணாம் அத்தா. விரல் நுனி மட்டும் படட்டும்."

மேல் பக்கம் தட்டினாள். டிங்ங்ங்.

அவருடைய விரல்களுக்குள் இரும்பு சிலிர்த்தது. எறும்பு ஊர்வதுபோல அந்த அதிர்வு கொஞ்ச நேரம் நீடித்தது. அன்வர் பாஷாவின் புருவம் உயர்ந்தது.

அவருடைய கையை நகர்த்தி, தண்ணீர்க் குழாய் மாட்டும் இடத்துக்குக் கீழே வைத்தாள். தட்டினாள். டப்.

விரல்களில் ஒன்றுமே இல்லை.

"இன்னொரு தடவை" என்றார் அவர். அவள் தட்டினாள். ஒன்றுமே இல்லை.

அன்வர் பாஷா மகளைப் பார்த்தார். மகள் அவரைப் பார்த்தாள். அவர் அவள் தலையில் ஒரு தடவை கையை வைத்து எடுத்தார்.

"அண்ணே, வண்டி இருக்கட்டும்!" என்று வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

அதற்குப் பிறகு அவர் வேலை செய்த அழகை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கனகாம்பரத்தை மெதுவாகக் கழற்றி ஓரமாக வைத்தார். அந்த இடத்துப் பச்சைப் பெயிண்டைத் தகட்டால் சுரண்டினார். பளபளவென்று இரும்பு தெரிந்தது. விரிசல் எதுவும் கண்ணில் படவில்லை.

துணியை மண்ணெண்ணெயில் நனைத்து அதன்மேல் தாராளமாகத் தடவினார். கொஞ்ச நேரம் விட்டு, ஈரமே இல்லாமல் துடைத்தார்.

"இரும்புல எடை எழுதற சாக்பீஸ் இருக்கா?" என்று வெங்கடாசலத்திடம் கேட்டார்.

சாக்பீஸைப் பொடித்து இரும்பின் மேல் பூசினார். அந்த இடம் வெள்ளை வெளேரென்று ஆனது.

"இப்ப பாருங்க. விரிசல் இருந்தா அது மண்ணெண்ணெயைக் குடிச்சிருக்கும். குடிச்சதைக் கக்கும்" என்றார்.

எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். பச்சியப்பன் மூச்சையே விடவில்லை.

வெள்ளைப் பொடியில் முதலில் ஒரு கறுத்த புள்ளி தெரிந்தது. அது மெல்ல நீண்டது. வளைந்தது. ஒரு விரல் நீளத்துக்குக் கோடாக வந்து நின்றது.

"அடேங்கப்பா!" என்றார் பச்சியப்பன்.

வெங்கடாசலத்தின் சிரிப்பு அன்றைக்குத்தான் முதல்முறையாக மறைந்தது. "சத்தியமா எனக்குத் தெரியாதுங்க பாய். எங்கிட்ட வரும்போதே பெயிண்டோடதான் வந்துச்சு."

"நீங்க கில்லாடிங்க பாய்" என்றார் பச்சியப்பன். "எப்படிக் கண்டுபுடிச்சீங்க?"

அன்வர் பாஷா பேசாமல் இருந்திருக்கலாம். யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. ஆனால் அவர் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்:

"நான் கண்டுபுடிக்கல அண்ணே. நான் நல்லா இருக்குன்னுதானே சொன்னேன்? எனக்குக் காது சரியாக் கேக்கறதில்ல. வெளியில சொல்ல வெக்கப்பட்டேன். அதனால உங்க தோட்டமே போயிருக்கும். கண்டுபுடிச்சது என் மக."

வஹிதா அத்தாவின் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"உங்களுக்குக் காது கேக்காதுன்னு எனக்குப் போன வருசமே தெரியுமே!" என்றார் பச்சியப்பன்.

"என்னது?"

"பின்ன நான் எதுக்கு இப்படித் தொண்டை கிழியக் கத்தறேன்னு நெனச்சீங்க? என் வூட்ல வந்து கேட்டுப் பாருங்க. அங்க நான் வாயே தொறக்க மாட்டேன்!"

வஹிதாவுக்குச் சிரிப்பு பீறிட்டது. "அப்ப ஏன் மாமா அத்தாகிட்டயே வந்தீங்க?"

"எஞ்சினைப் பிரிச்சு மாட்டறது கைதானே பாப்பா? இந்தத் தட்டிப் பாக்கற சமாச்சாரத்துக்குக் காது வேணும்னு எனக்கென்ன தெரியும்? சுத்தியல் கையிலதான இருக்குது!"

அன்வர் பாஷாவும் சிரித்துவிட்டார். வெங்கடாசலத்தின் சிரிப்பும் திரும்பி வந்தது. அவர் கொல்லைப்புறத்தைக் காட்டினார். "பாய், பின்னால இன்னொண்ணு கெடக்குதுங்க. துருப்புடிச்சது. பாக்க நல்லா இருக்காது, அதான் காட்டல."

அந்த பிளாக்கைப் பார்த்ததும் பச்சியப்பனின் முகம் சுருங்கியது. மேலெல்லாம் செம்மண் நிறத்தில் துரு. அடிப்பக்கத்துப் பொந்தில் ஒரு கோழி சுகமாக அடைகாத்துக்கொண்டிருந்தது. கோழியையும் ஆறு முட்டைகளையும் ஒரு கூடைக்கு மாற்றினார்கள். கோழி எல்லாரையும் வாய்க்கு வந்தபடி திட்டியது.

பிளாக்கைக் கழுவி, மரக்கட்டைகளின் மேல் தூக்கி வைத்தார்கள். அன்வர் பாஷா விரல் நுனிகளை வைத்தார். வஹிதா தட்டினாள்.

டிங்ங்ங்.

நான்கு பக்கமும் தட்டினாள். தண்ணீர்க் குழாய் மாட்டும் இடத்தில் இரண்டு தடவை தட்டினாள். எல்லா இடத்திலும் ஒரே சத்தம். அவள் காதுக்குக் கேட்டது. அவர் விரலுக்கும் கேட்டது. மண்ணெண்ணெய் தடவி, சாக்பீஸ் பூசிப் பார்த்தார்கள். வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. பிறகு அவர் விரலைச் சிலிண்டருக்குள் விட்டு ஒரு சுற்றுச் சுற்றினார்.

"ஒரு முடி தேஞ்சிருக்கு. லேத்துல குடுத்துச் சரிபண்ணி, அதுக்கேத்த பிஸ்டன் போட்டுக்கலாம்."

பச்சியப்பன் குங்குமப் பொட்டலத்தை எடுத்தார். பாயைப் பார்க்கவில்லை. வஹிதாவைப் பார்த்து, "பாப்பா, இதுக்குப் பொட்டு வைக்கலாமா?" என்றார்.

"வைங்க மாமா."

எட்டாம் நாள், தோட்டத்தில் எஞ்சின் ஓடியது. குழாயிலிருந்து தண்ணீர் குபுகுபுவென்று கொட்டி, வாய்க்காலில் ஓடி, தக்காளிச் செடிகளின் காலடிக்குப் போனது. பச்சியப்பன் குழந்தைபோல வாய்க்காலில் இறங்கி நின்றார். அன்வர் பாஷா பிளாக்கின் மேல் விரல்களை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் நின்றார். வஹிதாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

அடுத்த வாரம் ஒரு நாள் மத்தியானம், சவுரியப்பன் என்ற விவசாயி ஒரு பழைய பிளாக்கை வண்டியில் ஏற்றிக்கொண்டு பட்டறைக்கு வந்தார்.

"பாய், இது தேறுமான்னு பாத்துச் சொல்லுங்க. அவசரம்!"

அன்வர் பாஷா பிளாக்கை இறக்கி மரக்கட்டைகளின் மேல் வைத்தார். சுத்தியலைத் துடைத்து அதன் பக்கத்தில் வைத்தார். சாக்பீஸையும் எடுத்து வைத்தார். பிறகு சவுரியப்பனுக்கு ஒரு டீ சொல்லிவிட்டு, சாவகாசமாக உட்கார்ந்தார்.

"பாக்கலீங்களா பாய்?"

"பாக்கலாம், பாக்கலாம்" என்றார் அன்வர் பாஷா. "நாலு மணிக்குப் பள்ளிக்கூடம் விட்டுடுவாங்க."