நாயில் போட்டது

திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கு நாற்பத்தேழாம் சென்சாரில் நான்கு கோடுகள் விழுந்தன. கோடு விழுவது தினமும் நடப்பதுதான். ஆனால் இந்த நான்கும் ஒரே உயரம், நடுவில் ஒரே இடைவெளி. பிறகு பதினொரு விநாடி ஒன்றுமில்லை. பிறகு மறுபடி நான்கு.

ஐவி டீ கப்பைக் கீழே வைத்தாள். ஏழு வருஷமாக அவள் கேட்டுக்கொண்டிருக்கும் மலை அது. பூமியின் அந்தப் பக்கம், தென் அமெரிக்காவில், தங்கமும் தாமிரமும் எடுக்கிற சுரங்கம். இங்கே பகல் என்றால் அங்கே ராத்திரி. அந்த ராத்திரிக்குக் காவல் இருப்பது தி. நகரில், பாண்டி பஜாருக்குப் பின்சந்தில், மூன்றாவது மாடியில், ஏசி தண்ணீர் பக்கெட்டில் சொட்டிக்கொண்டிருக்கும் ஓர் அறை. மலைக்குள் துளை போட்டுப் புதைத்த இருநூறு சென்சார்கள் ஒவ்வொரு அதிர்வையும் இங்கே அனுப்பும். அது என்ன அதிர்வு என்று சொல்வதுதான் வேலை. மூன்றே பெட்டி. ராக், பிளாஸ்ட், நாய்ஸ். பாறை தானாக விரிசல் விட்டால் முதல் பெட்டி, வெடி வைத்தால் இரண்டாவது, மிச்சக் குப்பை எல்லாம் மூன்றாவது. நாய்ஸ் என்று யாரும் முழுசாகச் சொல்வதில்லை. "நாயில போடு" என்பார்கள். அதுவே ஆபீஸ் பாஷையாகிவிட்டது.

"இன்னாக்கா, மலை இன்னா சொல்து?" அடுத்த சீட்டு வாஜித், சுழல் நாற்காலியோடு உருண்டு வந்தான்.

"நாப்பத்தேழுல யாரோ தட்டற மாதிரி இருக்கு."

"போலீஸ் மாரி தட்டுதா, பக்கத்து வூட்ல சக்கரை கேக்க வந்தவங்க மாரி தட்டுதா?"

"சக்கரை கேக்கற மாதிரிதான்."

"அப்ப நாயில போட்டுட்டு வா. கீழ சமோசா சூடா கீது."

போட்டாள். விதி அப்படித்தான் சொல்கிறது. பாறை தாளம் போடாது. தாளம் போட்டால் அது பம்பு, மின்விசிறி, துளை போடும் இயந்திரம். விதிப் புத்தகம் பன்னிரண்டாம் பக்கம்: சம இடைவெளியில் வருவது இயந்திரம், நீக்கவும். சமோசாவில் உருளைக்கிழங்கு இனித்தது. பாதி தின்னும்போதுதான் நினைவு வந்தது. நாற்பத்தேழு இருப்பது ஐந்தாம் மட்டத்தில். ஐந்தாம் மட்டத்தை இரண்டு வருஷத்துக்கு முன்பே சுரண்டி முடித்து, சிமெண்டுக் குழம்பை ஊற்றி வாசலை அடைத்துவிட்டார்கள். அங்கே பம்பும் கிடையாது, மின்விசிறியும் கிடையாது.

செவ்வாய்க்கிழமை அதை ஒலியாக மாற்றி ஹெட்போனில் கேட்டாள். முதலில் மலையின் வழக்கமான மூச்சு, தூரத்தில் கடல் இருப்பது போன்ற ஓர் இரைச்சல், அதற்கு அடியில் எங்கோ தண்ணீர் கசிவது மாதிரி ஒரு சரசரப்பு, அதையும் தாண்டிக் காதை அழுத்திக் கேட்டால் கனமான ஒன்று கனமான இன்னொன்றின் மேல் மெல்லச் சாய்வது போன்ற முனகல், எல்லாம் அவளுக்குப் பழகியவைதான். அதன் நடுவே அது வந்தது. டொக். டொக். டொக். டொக். கல்மேல் கல் இல்லை. இரும்புமேல் இரும்பு. நான்கில் மூன்றாவது மட்டும் கொஞ்சம் தளர்ந்து விழுந்தது, கை வலிப்பவன் அடித்தது மாதிரி.

அவள் ஹெட்போனைக் கழற்றினாள். ஏசி சொட்டியது. அதையும் எண்ண ஆரம்பித்திருந்தாள்.

வேலைக்குச் சேர்ந்த வருஷம் இன்னொரு புத்தகம் கொடுத்தார்கள். சுரங்கத் தொழிலாளிகளுக்கான பாதுகாப்புக் கையேடு. மலையையே பார்க்கப்போகாத இவர்களுக்கும் அதில் ஒரு பரீட்சை வைத்தார்கள். ஐவி முழு மார்க். அதை மேஜை அடியிலிருந்து தேடி எடுத்தாள். ஒன்பதாம் பக்கத்தில் படம் போட்டிருந்தது. உள்ளே சிக்கிக்கொண்டால் கூரையில் முடுக்கிய இரும்புக் கம்பியை அடிக்கவும். எத்தனை பேர் உயிரோடு இருக்கிறீர்களோ அத்தனை அடி. நிறுத்தவும். மறுபடி அடிக்கவும். இடைவெளி சீராக இருக்கட்டும், அப்போதுதான் பாறைச் சத்தம் இல்லை என்று தெரியும்.

ஒரே கம்பெனி. இரண்டு புத்தகம். சீராகத் தட்டு என்கிறது ஒன்று. சீராக வந்தால் தூக்கிப் போடு என்கிறது மற்றது. இரண்டையும் சேர்த்துப் படித்தவர் யாருமில்லை, பரீட்சைக்கு ஒழுங்காகப் படித்த அவளைத் தவிர.

புதன்கிழமை இரண்டு புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு வேதாந்தம் சாரிடம் போனாள். அவர் ஷிப்டுக்குப் பொறுப்பு, மயிலாப்பூரில் இவள் தெருவுக்கு நாலு தெரு தள்ளி இருப்பவர், கெட்டவர் என்று சொல்ல முடியாது. படித்துப் பார்த்தார். மலைக்கு ஃபோன் போட்டு ஆங்கிலத்தில் பேசினார். வைத்துவிட்டுச் சிரித்தார்.

"தலையெண்ணி ஆச்சாம். லிஸ்டுல இருக்கற அத்தனை பேரும் வெளியில வந்துட்டா. ஒருத்தர் குறையலை. நீ இங்க உக்காந்துண்டு பேய்க் கதை பண்ணிண்டு இருக்கே."

"காண்ட்ராக்ட் ஆளுங்க அந்த லிஸ்ட்ல உண்டா சார்? விரிவாக்க வேலைக்கு எடுத்தவங்க? அப்புறம் பழைய சுரங்கத்துல மிச்சக் கல்லு பொறுக்க வெளியாளுங்க திருட்டுத்தனமா நுழையறாங்கன்னு போன மாசம்..."

"ஐவி." அவர் கண்ணாடியைக் கழற்றினார். "நாளைக்கு அஞ்சரைக்கு எட்டாம் மட்டத்துக்கு வெடி. சுரங்கம் ரெண்டு மடங்காகப் போறது. அதை நம்பித்தான் இந்த ஆபீஸ் இருக்கு. ஜனவரியில நீ ஒரு தரம் சிவப்பை அமுக்கினே, ஞாபகம் இருக்கோன்னோ?"

இருந்தது. திரையின் மூலையில் இருக்கும் சிவப்புக் கட்டம். அமுக்கினால் மலை முழுக்க சைரன் அலறும், வெடி நிற்கும், எல்லோரும் மேலே வர வேண்டும். ஜனவரியில் ஆயிரத்து நூறு பேரை ஆறு மணி நேரம் ராத்திரிக் குளிரில் நிறுத்தினாள். கடைசியில் அது பிரேக் சரியில்லாத ஒரு லாரி. இன்னொரு தடவை தப்பானால் வேலை இல்லை என்று எழுத்தில் வந்தது, அவளும் கையெழுத்துப் போட்டாள். புருஷன் ஸ்டீவுக்குக் கோடம்பாக்கத்தில் சினிமா லைட் தூக்கும் வேலை, மாதத்தில் பத்து நாள் இருந்தால் அதிகம். இந்த வேலையில்தான் வீடு நின்றது.

"சரி சார்" என்றாள்.

வியாழக்கிழமை மதியம் மூன்று மணிக்கு அவள் செய்யக் கூடாததைச் செய்தாள். ஒவ்வொரு சென்சாரும் வேலை செய்கிறதா என்று பார்க்க இங்கிருந்தே ஒரு சின்ன உதை கொடுக்கலாம். பாறைக்குள் அது சில அடி தூரத்துக்குக் கேட்கும் ஒரு தட்டு. அவ்வளவுதான். அங்கே யாரும் இல்லை என்று தனக்கே காட்டிவிட வேண்டும், பிறகு நிம்மதியாக வீட்டுக்குப் போக வேண்டும். நாற்பத்தேழைத் தேர்ந்தெடுத்தாள். நான்கு தட்டு கேட்டது. இடைவெளியில், ஆறாவது விநாடியில், உதைத்தாள். ஒன்று.

பதினொன்று வந்தது. தட்டவில்லை.

இருபது. முப்பது. ஹெட்போனில் மலையின் மூச்சு மட்டும். ஐவி தன் மூச்சை அடக்கிக்கொண்டாள். அந்தப் பக்கமும் யாரோ அடக்கிக்கொண்டிருப்பது போல இருந்தது.

பிறகு எல்லாம் ஒரே நேரத்தில் வந்தது. டொக்டொக் டொடொக் டொக். தாளம் இல்லை, இடைவெளி இல்லை. நான்கு கை, நான்கு இரும்பு, ஒன்றை ஒன்று முந்திக்கொண்டு. ஆள் இருக்கிறது என்று தெரிந்துகொண்ட கைகள். அவள் ஹெட்போனைப் பிடுங்கி மேஜையில் போட்டாள். மேஜையிலும் கேட்டது.

தாளம் தப்பியதால் இயந்திரம் இல்லை என்று கம்ப்யூட்டரே முடிவு செய்துவிட்டது. கோடுகள் தானாக முதல் பெட்டியில் விழ ஆரம்பித்தன. ராக். ராக். ராக். திரை மஞ்சளானது. நூறைத் தாண்டினால் தானாகவே சிவப்பு. அவள் ஒன்றும் செய்ய வேண்டாம், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும். அறுபது. எழுபது.

வேதாந்தம் சார் வேகமாக வந்தார். "என்ன பண்ணினே?"

"சார், அது பாறை இல்ல. அவங்க..."

"பாறை இல்லைங்கறதை நீயே சொல்றே. பின்ன ராக்ல ஏன் இருக்கு? மாத்து. அங்கேர்ந்து ஃபோன் மேல ஃபோன்."

வாஜித் திரும்பிப் பார்த்தான். "போட்டுரு அக்கா" என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல். "அல்லாரும் வூட்டுக்குப் போகணும்."

எண்பத்தொன்று.

அவள் மௌசைப் பிடித்தாள். ஒவ்வொன்றாகத்தான் மாற்ற முடியும். கோட்டைத் தொடு, இழு, மூன்றாவது பெட்டியில் விடு. நாய்ஸ். அடுத்தது. நாய்ஸ். அவர்கள் அடிக்க அடிக்க அவள் இழுத்தாள். அவர்கள் வேகம் அதிகமானது, அவளுக்கும் அதிகமானது. விரல் மரத்தது. ஐந்து மணிக்கு மேல் அந்தப் பக்கம் தளர்ந்தது. பாவம், கை ஓய்ந்திருக்கும். ஐந்து இருபதுக்கு மறுபடி பழையபடி நான்கு, சீராக, மரியாதையாக. முன்னே அவசரப்பட்டதற்கு மன்னிப்புக் கேட்பது மாதிரி. அதையும் இழுத்துப் போட்டாள்.

ஐந்தரைக்கு எல்லா சென்சாரும் ஒன்றாக வெள்ளையானது. இருநூறு கோடும் திரையை முட்டி நின்று, நடுங்கி, இறங்கின. அறையில் கை தட்டினார்கள். வேதாந்தம் சார் கேக் வரவழைத்திருந்தார். மேலே மஞ்சள் கிரீமில் மலை.

ஐந்து ஐம்பத்திரண்டு. ஐவி பையை எடுத்துக்கொண்டு எழுந்தவள் திரையை ஒரு தடவை பார்த்தாள்.

நாற்பத்தேழு. ஒரு கோடு.

பதினொரு விநாடி.

ஒரு கோடு.

சிவப்புக் கட்டம் மூலையில் இருந்தது. இப்போது அமுக்கினால் ஒருவன் கிடைக்கலாம். ஆனால் இப்போது அமுக்கினால் மூன்று மணிக்கு ஏன் அமுக்கவில்லை என்று கேட்பார்கள். எண்பத்தொன்றைக் கையால் இழுத்தது யார் என்று கேட்பார்கள். மற்ற மூன்று பேர் எங்கே என்று கேட்பார்கள். அவள் நின்றுகொண்டே குனிந்தாள். கோட்டைத் தொட்டாள். இழுத்தாள். விட்டாள். கேக்கில் ஒரு துண்டு வாங்கிக்கொண்டு படி இறங்கினாள்.

பனகல் பார்க்கில் 12பி கூட்டமாக வந்தது. ஏறினாள். வியர்வை, மல்லிகை, யாரோ கட்டிக்கொண்டு போகும் பிரியாணி, புதுத் துணிப் பையின் பிளாஸ்டிக் நெடி. பக்கத்தில் ஒரு பெண் ஃபோனில் பேசிக்கொண்டே வந்தாள். "வந்துகினே கீறேன் நைனா, தோசை மாவு ஃபிரிஜ்ல கீது பாரு." ஐவிக்கு அந்தச் சத்தம் வேண்டியிருந்தது. எல்லாச் சத்தமும் வேண்டியிருந்தது.

ஆழ்வார்பேட்டை நெருங்கும்போது பஸ் நின்றது. முன்னால் நகரவில்லை போல. டிரைவர் இன்ஜினை அணைத்தார். விளக்கும் அணைந்தது.

ஹாரன் கேட்கவில்லை. அதுதான் முதலில் உறைத்தது. இந்த நேரத்தில், இந்த ரோட்டில். ஜன்னலுக்கு வெளியே வண்டி விளக்குகள் தெரிய வேண்டும். ஜன்னலில் சாம்பல் நிறம்தான் இருந்தது, ஈரமாக, கண்ணாடியை ஒட்டி, பூசிவிட்டது போல.

ஃபோனில் பேசியவள் நிறுத்தியிருந்தாள். ஃபோனை இறக்கி, தலையைச் சாய்த்து, பக்கத்துக் கம்பியில் காதை வைத்தாள். தூக்கம் என்று ஐவி நினைத்தாள். கண் திறந்திருந்தது.

அவளுக்குப் பின்னால் நின்ற ஆள். அவனும் சாய்ந்தான். கம்பியில் காது. முன் சீட்டில் இரண்டு பள்ளிப் பெண்கள், ஜன்னல் கம்பியில். கண்டக்டர். டிரைவர், ஸ்டியரிங்கில் கன்னத்தைப் பதித்து. ஒவ்வொருவராக. அவசரமில்லாமல். கடைசி சீட் வரை.

அத்தனை பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணே, கதவைத் திறங்க" என்றாள். குரல் வரவில்லை. வாயில் சிமெண்ட் ருசி. நாக்கை அசைத்தாள். மணல்.

யாரும் அவளைப் பார்க்கவில்லை. பார்ப்பதற்கு அங்கே எதுவும் இல்லாதது போல, வெற்றுக் கண்களோடு, காதை மட்டும் கொடுத்துக்கொண்டு நின்றார்கள்.

கையை உயர்த்தினாள். கல்யாண மோதிரம் கம்பியில் பட்டது.

டொக்.

கண்டக்டர் புருவம் சுருங்கியது. பொறுமையாகக் கேட்டார். தன் ஆள்காட்டி விரலை எடுத்து, காற்றில் எதையோ தொட்டு, மெல்ல இழுத்து, ஒரு பக்கமாக விட்டார்.

ஐவி எண்ணினாள். பதினொன்று வந்ததும் மறுபடி தட்டினாள்.