கடிதத்தின் இரண்டாம் பக்கம்

வலங்கைமானுக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். 1978ஆம் ஆண்டு. அந்த ஊர்த் தேவாலயத்திலிருந்து ஐந்து பேர் ஆப்பிரிக்காவுக்குப் போவதாக இருந்தார்கள்.

டான்சானியா நாட்டில் ஆற்றோரமாக ஒரு கிராமம். அந்த ஊர்ச் சபையும் இந்த ஊர்ச் சபையும் தோழமைச் சபைகள். ஒருவருக்கொருவர் கடிதம் எழுதிக்கொள்வார்கள். இப்போதுதான் முதல் முறையாக நேரில் பார்க்கப் போகிறார்கள். புறப்பட இன்னும் ஆறு மாதம் இருந்தது.

"அங்க இருக்கற ஏழைப் பிள்ளைங்களுக்கு உங்களால முடிஞ்சதக் கொடுங்க" என்று சபைச் செயலாளர் இராஜாங்கம் அறிவித்தார். அரிசி மில் வைத்திருந்த அவர்தான் பயணத்துக்கும் தலைவர். தேவாலயத்துக்குள் ஒரு பெரிய டிரங்குப் பெட்டியை வைத்தார்கள். இரண்டே வாரத்தில் அது நிரம்பிவிட்டது.

சனிக்கிழமை காலையில், ஞாயிறு பள்ளி நடத்தும் ரெத்தினம் டீச்சர் அம்சத்தைக் கூப்பிட்டார். அம்சம் ஆறாம் வகுப்பு படித்தாள். அவளுடைய கையெழுத்து அழகாக இருக்கும்.

"பெட்டியில என்னென்ன இருக்குன்னு எழுதி வையிம்மா."

அம்சம் பெட்டியைத் திறந்தாள். முதலில் ஒரு கவுன் வந்தது. அதில் ஒரு பொத்தான்கூட இல்லை. பிறகு இரண்டு செருப்புகள். இரண்டுமே இடது கால். அதற்கடியில் கம்பி ஒடிந்த குடை. கடைசிப் பக்கம்வரை எழுதித் தீர்த்த நோட்டு. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு பெல்பாட்டம். தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். பின்பக்கத்து ஓட்டை வழியாக எதிர்ச் சுவர் தெரிந்தது.

அம்சத்துக்குக் காது சூடானது.

போன வருஷம் அறுப்பின்போது அவள் அப்பா வீரையனும் காலனிக்காரர்கள் எல்லாரும் கூலி உயர்வு கேட்டு வேலைக்குப் போகவில்லை. இருபது நாள் பட்டினியும் அரைப்பட்டினியுமாகப் போனது. அப்போது ஊரின் பெரிய வீடுகளிலிருந்து ஒரு மூட்டைத் துணி வந்தது. அம்சத்துக்கு ஒரு பூப்போட்ட பாவாடை கிடைத்தது. ஆசையோடு பள்ளிக்கு உடுத்திப் போனாள்.

"ஏய், இது எங்க வீட்டுல சைக்கிள் தொடைக்கிற துணி!" என்று ஒருத்தி கத்தினாள். வகுப்பே சிரித்தது. அந்தச் சிரிப்பு இன்னும் அம்சத்துக்கு மறக்கவில்லை.

"டீச்சர், இதெல்லாம் அனுப்பக் கூடாது."

"ஏம்மா?"

"இத நம்ம யாராச்சும் உடுத்துவோமா?"

டீச்சர் பதில் சொல்வதற்குள் இராஜாங்கம் உள்ளே வந்தார். "ஒண்ணுமே இல்லாதவங்களுக்கு இதுவே பெரிசு பாப்பா" என்றார்.

"ஒண்ணுமே இல்லன்னு யாருங்க சொன்னாங்க? அவங்க கேட்டாங்களா?"

"அதான் லெட்டர் போட்டிருக்காங்களே."

"என்னன்னு போட்டிருக்காங்க?"

இராஜாங்கம் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் இராஜாங்கத்தைப் பார்த்தார்.

"மொதப் பக்கத்துல வாழ்த்து சொல்லியிருந்தாங்க. மீதிய நீங்க படிக்கிறேன்னு வாங்கி வச்சீங்களே?" என்றார் டீச்சர்.

"மில்லுல வேலை... நீங்கதான் முழுசும் படிச்சிட்டீங்கன்னு நெனச்சேன்."

சபை அலமாரியில் தேடிக் கடிதத்தை எடுத்தார்கள். ஆங்கிலத்தில் இருந்த இரண்டாம் பக்கத்தை டீச்சர் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார்.

"உங்கள் ஊரிலும் நெல் விளைகிறது என்று அறிந்தோம். நாங்கள் விதையை வயலில் தூவிவிடுகிறோம். நீங்கள் நாற்று விட்டு, பறித்து நடுவீர்களாமே! எங்கள் பெண்கள் அதைக் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறார்கள். நடவு தெரிந்த ஒருவர் அவசியம் வர வேண்டும். அவருக்காக வயலைத் தயாராக வைத்திருப்போம். எங்கள் பிள்ளைகள் உங்களை வரவேற்கப் பாட்டுப் பழகுகிறார்கள்."

"பழந்துணி வேணும்னு எங்கயாச்சும் இருக்கா டீச்சர்?"

"இல்லம்மா." டீச்சரின் குரல் இறங்கிவிட்டது.

"போற அஞ்சு பேர்ல யாருக்கு நடத் தெரியும்?"

போதகர், ஒரு டாக்டர், ரெத்தினம் டீச்சர், இராஜாங்கம். ஐந்தாவது ஆள் இராஜாங்கத்தின் மைத்துனர் வைரக்கண்ணு. இவர்களில் ஒருவர்கூடச் சேற்றில் இறங்கியதில்லை.

"உங்க மச்சான் எதுக்குங்க போறாரு?"

இராஜாங்கம் தொண்டையைச் செருமினார். "அவருக்குச் சிங்கம் பாக்கணும்னு ரொம்ப நாளா ஆசை."

"எங்க அம்மா நல்லா நடுவாங்க" என்றாள் அம்சம்.

"பொன்னுத்தாயா? ஏரோப்ளேன்லயா?" இராஜாங்கம் வாய்விட்டுச் சிரித்தார்.

அம்சம் சிரிக்கவில்லை. "டீச்சர், இந்தப் பக்கத்த இன்னொரு தடவ சொல்லுங்க. நான் தமிழ்ல எழுதிக்கறேன்."

மறுநாள் ஆராதனைக்கு வந்தவர்கள் தேவாலய வாசலிலேயே நின்றுவிட்டார்கள். அங்கே ஒரு பாய் விரித்திருந்தது. அதன்மேல் கவுன், செருப்பு, குடை எல்லாம் வரிசையாக இருந்தன. பக்கத்தில் ஒரு சிலேட்டு. அதில் 'இது யாருடையது? கொடுத்தவர்கள் எடுத்துக்கொள்ளவும்' என்று முத்து முத்தாக எழுதியிருந்தது.

டாக்டர் வீட்டம்மா அவசரமாகக் குடையை எடுத்து முந்தானையால் மூடிக்கொண்டார். கவுன் எப்போது காணாமல் போனதென்று யாருக்கும் தெரியாது. பெல்பாட்டத்தை மட்டும் எவரும் தொடவில்லை. வைரக்கண்ணு அதைப் பார்க்காததுபோல மூன்று தடவை அந்தப் பக்கம் நடந்தார்.

ஆராதனை முடிந்ததும் அம்சம் எழுந்து நின்றாள். கடிதத்தின் இரண்டாம் பக்கத்தை ஓர் எழுத்து விடாமல் சத்தமாக வாசித்தாள்.

"அவங்க ஆள் கேட்டிருக்காங்க. நாம கிழிசல அனுப்பறோம். இது நியாயமாங்க?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தாள்.

காலனிப் பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கம் சலசலத்தது. "நடவுக்காரி இல்லாம யாரு போய் நடவு சொல்லித் தர்றது?" என்று செவ்வந்தி அக்கா கேட்டார். போதகர் தலைகுனிந்து, "கடிதத்த நானும் படிச்சிருக்கணும். தப்பு என் பேர்லயும் இருக்கு" என்றார்.

எல்லார் கண்களும் வைரக்கண்ணு மேல் திரும்பின. அவர் நெளிந்தார். பிறகு எழுந்தார்.

"சரி, சரி. நான் மெட்ராஸ்ல போய்ச் சிங்கத்தப் பாத்துக்கறேன்."

இப்போது எல்லாரும் சிரித்தார்கள். இராஜாங்கமும் வேறு வழியில்லாமல் சிரித்தார். "அப்ப அவருக்குப் பதிலாப் பொன்னுத்தாய் வரட்டும்" என்றார் போதகர்.

"நானா? நான் கும்பகோணத்தையே தாண்டினதில்லையே!" என்றார் பொன்னுத்தாய்.

"அங்கயும் சேறுதான இருக்கும்? போய்ட்டு வா. சோறு நான் ஆக்கிக்கறேன்" என்றார் வீரையன்.

"அப்பா, அப்ப என்னையும் கூட அனுப்பிடுங்க" என்றாள் அம்சம். அப்பாவின் சமையல் அவளுக்குத் தெரியும்.

ஆறு மாதம் கழித்துப் பொன்னுத்தாய் விமானம் ஏறினார். ஒரு மாதம் கழித்துத் திரும்பி வந்தார். அன்று அம்சத்தின் வீட்டில் நிற்க இடமில்லாத கூட்டம்.

"மொத நாளு வளைஞ்சு வளைஞ்சு நட்டாங்க. நாலாம் நாளு எனக்கே சவால் விட்டாங்க" என்றார் பொன்னுத்தாய். "பாஷை தெரியலன்னா என்ன, கை பேசுச்சு. டீச்சர் மீதியச் சொன்னாங்க."

"அப்புறம் என்னம்மா ஆச்சு?"

"ஒரு நா, 'உன் வயலு எவ்வளவு பெரிசு'ன்னு கேட்டாங்க. எங்களுக்கு வயல் ஏது, கூலிக்குத்தான் நடுறோம்னேன். அவ்வளவுதான், அத்தன பேரும் நாத்தக் கீழ வச்சிட்டாங்க! ஒரு பொம்பள இடுப்புல கைய வச்சிக்கிட்டு என்னையே சத்தம் போட்டா. 'இத்தன வருஷமா நட்டிருக்க, ஒரு துண்டு நெலம் உனக்குன்னு கேக்கலியா?'ன்னா. எனக்கு மூஞ்சிய எங்க வச்சிக்கறதுன்னு தெரியல."

கூட்டத்தில் எல்லாருக்கும் ஒரே நிலம்தான் நினைவுக்கு வந்தது. ஊருக்குத் தெற்கே, பெரிய பண்ணையிடமிருந்து சர்க்கார் எடுத்த உபரி நிலம் ஆறு வருஷமாகச் சும்மா கிடந்தது. நிலமில்லாதவர்களுக்குத் தருவோம் என்றார்கள். இன்னும் யாருக்கும் தரவில்லை. ஆண்கள் போய்க் கேட்டபோதெல்லாம் 'அப்புறம் வா' என்றுதான் பதில் வந்தது.

"அம்சம், பேப்பர் எடு" என்றார் பொன்னுத்தாய். "காலனிப் பொம்பளைங்க எல்லாரும் நாளைக்குத் தாலுகா ஆபீசுக்குப் போறோம். நெலத்தக் கேட்டு மனு எழுது."

"இப்பவேவாம்மா?"

"பின்ன எப்ப?"

அம்சம் பேனாவைத் திறந்தாள். அம்மா சொல்லச் சொல்ல எழுதினாள். முடித்ததும், கீழே வரிசையாகப் பெயர்களை எழுத ஆரம்பித்தாள்.

ஒன்று: பொன்னுத்தாய், நடவுத் தொழிலாளி.