மிதி, பிடி, விடு

கட்டை சுவரில் சாய்ந்து நின்றது.

நேற்று மாலை அவன் அதை ஜீப்பின் பிரேக் பெடலுக்கும் சீட்டுக்கும் நடுவில் முட்டுக்கொடுத்திருந்தான். நழுவி விழுந்தது. விழுந்த இடத்திலேயே விட்டுவிட்டு, கையிலிருந்த ஸ்பேனரையும் வீசிவிட்டுப் போனான். இப்போது கட்டை நேராக நிற்கிறது. அதன் பக்கத்தில் ஸ்பேனர்கள் சிறியதிலிருந்து பெரியதுவரை வரிசையாகக் கிடக்கின்றன. மூன்று வருடத்தில் இந்த ஷெட்டில் எதையும் அவன் ஒழுங்காக வைத்ததில்லை. அது மனைவியின் வேலை. அவள் வீட்டைவிட்டுப் போய்ப் பதினோரு நாள் ஆகிறது.

வந்துபோயிருப்பாளோ என்று மனம் ஒரு நொடி துள்ளியது. பிறகு டிரைவர் சீட்டைப் பார்த்தான். கடைசிவரை பின்னால் தள்ளியிருந்தது. அவள் குள்ளம், உட்கார்ந்தால் சீட்டை முன்னால்தான் இழுப்பாள். ஏறி உட்கார்ந்து காலை நீட்டினான். அவனுக்கே பெடல் எட்டவில்லை. பேண்ட்டில் ஈரம் ஏறியது. கூரை ஒழுகியிருக்கும் என்று துடைத்துக்கொண்டான். மழை பெய்து ஒரு மாதமாகியிருந்தது.

யோசிக்க நேரமில்லை. ஞாயிற்றுக்கிழமை, மணி மூன்று.

அவனுக்குத் தொழில் பல் செட் செய்வது. ஊரார் வாயிலெல்லாம் அவன் செய்த பல் கச்சிதமாகப் பொருந்தும். இந்த வண்டியில் மட்டும் எதுவும் பொருந்தவில்லை. கதவைச் சரிசெய்தால் தரைத் தகடு துருவில் ஓட்டையாகியிருந்தது. தகட்டை வெட்டினால் அடியில் சட்டம் விரிசல். சாண் ஏறினால் முழம் சறுக்கிற்று. "அடுத்த வாரம் முடிஞ்சிரும்" என்று மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"எனக்குன்னு வாய்ச்ச சக்களத்தியைப் பாரு, நாலு சக்கரத்தோட" என்பாள் அவள். முதலில் சிரித்துக்கொண்டு சொன்னாள். பிறகு சிரிக்காமல் சொன்னாள். கடைசியில் பெட்டியை எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்கு அந்தப் பக்கம் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள்.

"ஞாயித்துக்கிழமை ஆறு மணிக்கு அவ மேலயே ஏறி வந்து என்னைக் கூட்டிட்டுப் போங்க. மணி ஆறு தாண்டுச்சுன்னா, திங்கக்கிழமை வெளியூர்ப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றல் கேட்டுக் கையெழுத்துப் போட்டுருவேன். அப்புறம் நீங்களும் அவளும் குடித்தனம் நடத்துங்க."

முந்தாநாள் போனில் அவள் சொன்னது. சொன்னதைச் செய்கிறவள்.

எஞ்சின் ஓடியது. விளக்கெல்லாம் எரிந்தன. பிரேக் மட்டும் பிடிக்கவில்லை. பிரேக் இல்லாமல் வண்டியை வெளியே எடுக்க முடியாது. கேட்டைத் தாண்டினால் தெரு ஒரே சரிவாக ஏரிக்கு இறங்கும். கரைக்குப் போய்த்தான் திருப்பம்.

வண்டியை விற்ற பழைய இரும்புக் கடைக்காரர் அன்றைக்கே சொன்னார். "எஞ்சின் கல்லு மாதிரி சார். பிரேக்குதான் தகராறு. அது பிடிக்காமத்தான் இது என்கிட்ட வந்து சேந்துச்சு."

"ஓட்டினவரு?"

"அவரு வந்து சேரல."

தமாஷ் என்று நினைத்து இருவரும் சிரித்தார்கள்.

பிரேக் குழாய்க்குள் காற்று புகுந்திருந்தது. அதை வெளியே எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் சீட்டில் உட்கார்ந்து பெடலை மிதித்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். மற்றவர் அடியில் படுத்து, சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் சின்னத் திருகைத் தளர்த்தினால் காற்று குமிழியாக எண்ணெயோடு வெளியே வரும். திருகை இறுக்கிய பிறகே காலை எடுக்கச் சொல்ல வேண்டும். முந்தினால் காற்று திரும்ப உள்ளே போகும். டிரைவருக்கு மிகத் தூரமான சக்கரத்தில் தொடங்கி, அவர் காலடியில் இருக்கும் சக்கரத்தில் முடிக்க வேண்டும்.

அவள் மாணவர்களின் விடைத்தாள்களை மடியில் வைத்துத் திருத்திக்கொண்டே மிதிப்பாள். அவன் அடியிலிருந்து "மிதி" என்பான். "பிடி" என்பான். "பிடிச்சாச்சு" என்று அவள் சொன்ன பிறகுதான் திருகில் கைவைப்பான். பிறகு "விடு".

இன்று மிதிக்க ஆளில்லை. கட்டையை மறுபடி முட்டுக்கொடுத்து அடியில் போய்ப் படுத்தான். திருகைத் தொட்டதும் கட்டை நழுவியது. வெளியே வந்தான். நிறுத்தினான். படுத்தான். நழுவியது. ஐந்தாவது தடவை எண்ணெய் கண்ணில் தெறித்தது. எரிச்சலில் சக்கரத்தைக் காலால் உதைத்தான், வலித்தது அவனுக்குத்தான். கண்ணை மூடியபடி கிடந்தான். சாக்கின் புழுதி, துரு, பிரேக் எண்ணெயின் இனிப்பும் காட்டமுமான நெடி, எங்கோ ஒரு குழாய் சொட்டுகிற சத்தம். பழக்கம் நாக்கில் இருந்தது.

"மிதி" என்றான், ஆத்திரத்தோடு.

மேலே சீட்டின் சுருள்கம்பி கிரீச்சிட்டது. பெடல் இறங்கியது. பிரேக் விளக்கு எரிந்து ஷெட்டின் பின்சுவர் சிவந்தது.

அவன் அசையவில்லை. சிவப்பு அணைந்தது. காத்திருந்தான். பிறகு உருண்டு வெளியே வந்து பார்த்தான். சீட்டில் யாரும் இல்லை. கட்டை சுவரில் சாய்ந்து நின்றது.

ஓடியிருக்கலாம். வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தியிருக்கலாம். ஆனால் மணி நாலேகால். மூன்று வருடத்தில் முதல்முறையாக இந்த வண்டி சொன்ன பேச்சைக் கேட்டிருக்கிறது. மறுபடி அடியில் போய்ப் படுத்தான்.

"மிதி."

சுவர் சிவந்தது.

"பிடி."

சிவப்பு அப்படியே நின்றது. திருகைத் தளர்த்தினான். குமிழிகள் பொலபொலவென்று வந்தன. இறுக்கினான்.

"விடு."

அணைந்தது. மனிதர்கள் யாரும் இவ்வளவு சரியாக மிதித்ததில்லை. அவளுக்கே நடுவில் கால் வலிக்கும். இதற்கு வலிக்கவில்லை. முதல் சக்கரம் பத்து நிமிடத்தில் முடிந்தது. இரண்டாவது சக்கரத்துக்கு ஊர்ந்தபோது ஒரு வாடை வந்தது. நாள்கணக்காகப் பிழியாமல் கிடந்த துணியின் வாடை. சொட்டுச் சத்தம் கிட்டே கேட்டது. எண்ணெய்தான் சொட்டுகிறது என்று சொல்லிக்கொண்டான். எண்ணெய் எங்கும் சொட்டவில்லை.

இரண்டாவது சக்கரமும் முடிந்தபோது காதோரம் போன் அடித்தது. முழங்கையால் அழுத்தினான்.

"என்னங்க, ஆச்சா?"

"ரெண்டு சக்கரம் முடிஞ்சுது."

"புளுகாதீங்க. மிதிக்க ஆளு?"

மேலே சுருள்கம்பி மெல்ல முனகியது. கேட்பதற்காக யாரோ குனிந்தது போல.

"யாரோ உக்காந்திருக்காப்ல சத்தம் வருதே."

"ஒருத்தர்... உதவிக்கு வந்திருக்காரு."

"யாரு அந்தப் புண்ணியவான்? உங்ககிட்ட ஏச்சு வாங்கிட்டு உக்காந்திருக்காரு!" சிரித்தாள். பதினோரு நாளுக்குப் பிறகு கேட்கும் சிரிப்பு. "சரி, எனக்கும் இங்க இருப்புக்கொள்ளல. அக்கா தினமும் புத்தி சொல்லியே கொல்றா. நானே நடந்து வந்துடறேன். ஒரு சுத்து கூட்டிட்டுப் போவீங்கல்ல?"

வராதே என்று சொல்லியிருக்க வேண்டும். சொல் தொண்டைவரை வந்தது.

"வா" என்றான்.

மூன்றாவது சக்கரம். வெளியே வெயில் மஞ்சளாகித் தணிந்தது. மிதி. பிடி. விடு. வாடை இப்போது வாய்க்குள் இருந்தது. சேறு. பாசி. ஒவ்வொரு மிதிக்கும் மேலே ஏதோ பிழிபட்டு நீர் வடிந்தது. அவன் வேகமாக வேலை செய்தான். அவள் வருவதற்குள் முடித்துவிட வேண்டும். முடித்துவிட்டால் இதற்கு இங்கே வேலையில்லை. போய்விடும்.

நான்காவது சக்கரம். டிரைவரின் காலடி.

தலைக்கு நேர்மேலே, வெட்டியெடுத்த தரைத் தகட்டின் ஓட்டை. உள்ளங்கை அகலம். அந்தப் பக்கம் பார்க்கக் கூடாது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"மிதி."

கன்னத்தில் ஒரு சொட்டு விழுந்தது. குளிர்ந்திருந்தது.

"பிடி."

இதுவரை இல்லாதபடி மேலேயிருந்து பதில் வந்தது.

"பிடிச்சாச்சு."

அவனுடைய சொந்தக் குரல்.

பார்த்துவிட்டான். ஓட்டைக்கு அப்பால் ஒரு குதிகால். செருப்பில்லை. வெளுத்து, ஊறி, சுருங்கிய தோல். தோலின் மடிப்புக்குள் பாசி. நீளமான கால். பெடலை அழுத்தியபடி, அசையாமல், பொறுமையாக.

அவன் கை தானாகத் திருகிக்கொண்டே போயிற்று. எண்ணெய் மணிக்கட்டில் வழிந்தது. திருகு முழுதாகக் கழன்று உள்ளங்கையில் விழுந்தது.

கேட் கிரீச்சிட்டது.

"அடேங்கப்பா! வாசலைப் பாத்து நிறுத்திட்டு ஜம்முனு உக்காந்திருக்கீங்க!"

அவளுடைய செருப்புகள் தரையில் வந்தன. வண்டியின் மறுபக்கத்துக்குப் போயின. அவன் வாயைத் திறந்தான். காற்றுதான் வந்தது.

"ஏறட்டுமா?"

ஏறாதே. இந்தமுறை சொல் வாய்வரை வந்தது. அதற்கு முன்பே மேலே அவன் குரல் சொன்னது.

"ஏறு."

ஒரு செருப்பு தரையைவிட்டு எழுந்தது. இன்னொன்று. கதவு சாத்தப்பட்டது. மூன்று வருடமாகச் சரியாகச் சாத்தாத கதவு.

"உதவிக்கு வந்தவரு போயிட்டாரா?" என்றாள். "ஏன் திரும்பிக்கூடப் பாக்க மாட்டேங்கறீங்க? கோவமா? சீட்டை எதுக்கு இவ்வளவு பின்னால தள்ளி வச்சிருக்கீங்க?"

"இறங்கு!" என்று கத்தினான். எஞ்சின் உறுமியது. அவன் கத்தல் அதற்குள் போயிற்று. அச்சை இரண்டு கையாலும் பிடித்தான். எண்ணெய். வழுக்கியது. உயரமான வண்டி. அவன் மேல் ஒரு கீறலும் படாமல், நிழல் நகர்வது போல, அவனைத் தாண்டிப் போயிற்று.

எழுந்து ஓடினான். கேட்டுக்கு வெளியே தெரு சரிந்து கிடந்தது. கடைசியில் ஏரி, சாம்பல் நிறத்தில். வண்டி வேகம் எடுத்துக்கொண்டிருந்தது. பின்கண்ணாடியில் இரண்டு தலைகள். ஒன்று கூரையில் முட்டும் உயரம். இன்னொன்று அதன் பக்கம் திரும்பி, ஏதோ பேசிச் சிரித்தது.

பிறகு சிரிக்கவில்லை.

பிரேக் விளக்கு எரிந்தது. வண்டி நிற்கவில்லை. தார்ச் சாலையில் எண்ணெய்க் கோடு நீண்டுகொண்டே போனது. திருகு அவன் கையில் இருந்தது.

சரிவில் அந்தச் சிவப்பு சிறுத்துக்கொண்டே போயிற்று. எரிந்தது. நின்று எரிந்தது. அணைந்தது. மறுபடி எரிந்தது. நின்று எரிந்தது. அணைந்தது. அவசரமே இல்லாமல், அவன் சொல்லிக்கொடுத்த அதே கணக்கில்.