புட்டுக்குக் கீழே ஒரு வெடிப்பு

அன்று கோட்-டெ-நெய்ஜ் பகுதி அடுக்குமாடியின் மூன்றாம் மாடியில் எல்லோருக்கும் களைப்பு. மருத்துவமனையில் தரை துடைத்துவிட்டு வந்த அம்மா, கோட்டைக்கூடக் கழற்றாமல் சோபாவில் கிடந்தாள். பத்து வயது மெலனிக்கும் பனியில் நடந்து கால் வலி. அந்தக் களைப்பில்தான் தவறு நடந்தது.

எதிர்வீட்டுப் பெண்மணி மாடாம் கிந்தோ மாலி நாட்டுக்காரர், டோகோன் இனத்தவர். நேற்று அவர் தம் மரக்கிண்ணத்தில் கம்பங்களி கொடுத்திருந்தார். மெலனி கிண்ணத்தைக் கழுவினாள். துடைக்கப் பஞ்சிப்பட்டு, சோம்பலில் ஈரத்தோடேயே ஹீட்டரின் மேல் காயவைத்தாள்.

'டக்!'

ஓடிவந்து பார்த்தாள். கிண்ணத்தின் அடியில் விரல் நீளத்துக்கு வெடிப்பு. மாடாம் தினமும் சாப்பிடும் கிண்ணம் அது. அவரிடம் இருந்ததே அது ஒன்றுதான். மெலனிக்கு அழுகை வந்தது.

"பிள்ளை, கிண்ணத்தை வெறுமையாக் குடுக்கக் கூடாது," என்றாள் அம்மா, கண்ணைத் திறக்காமலே. "காலைமை அவிச்ச புட்டு இருக்கு. போட்டுக் குடு."

"ஓம் அம்மா."

புட்டைப் போட்டதும் வெடிப்பு மறைந்துவிட்டது! இப்படியே கொடுத்துவிடலாமா? கொடுக்கலாம். ஆனால் மாடாம் புட்டைச் சாப்பிட்டு முடிப்பாரே!

அப்போதுதான் கிண்ணத்தின் பக்கத்தில் ஒரு பழைய வெடிப்பைக் கண்டாள். அதை இரும்புக் கம்பியால் தைத்திருந்தார்கள். மெலனி தன் கணக்குக் கொப்பியைப் பார்த்தாள். மெல்ல அதன் சுருள் கம்பியை உருவினாள்.

தட்டியதும் மாடாம் கதவைத் திறந்தார். அவரும் அப்போதுதான் வேலையால் வந்திருந்தார். ஒரு காலில் இன்னும் சப்பாத்து இருந்தது.

"புட்டுக்குக் கீழே வெடிப்பு இருக்கிறது, மாடாம். நான்தான் ஹீட்டரில் வைத்தேன். மன்னித்துவிடுங்கள்," என்று ஒரே மூச்சில் பிரெஞ்சில் சொன்னாள் மெலனி.

மாடாம் பெருமூச்சு விட்டார். "எங்கள் ஊரில் கிண்ணம் செதுக்குவதும் கொல்லர்தான், வெடித்தால் தைப்பதும் அவர்தான். இங்கே கொல்லருக்கு நான் எங்கே போவேன்?"

மெலனி கம்பியை நீட்டினாள்.

"இது எங்கே கிடைத்தது?"

"என் கணக்குக் கொப்பியில். பரவாயில்லை, எனக்குக் கணக்குப் பிடிக்காது."

மாடாம் களைப்பை மறந்து சிரித்தார். "இன்று என் கைகளில் தெம்பில்லை. ஞாயிற்றுக்கிழமை வா."

ஞாயிற்றுக்கிழமை மாடாம் ஆணியைச் சூடாக்கித் துளையிட்டார். மெலனி கிண்ணத்தை முழங்கால்களுக்கு நடுவே இறுக்கிப் பிடித்தாள். நான்கு தையல்கள். கொஞ்சம் கோணல்தான்.

இனி அந்தக் கிண்ணத்தை மாடாம் தரவே மாட்டார் என்று மெலனி நினைத்தாள். ஆனால் அடுத்த வாரமே அது களியோடு வந்தது.

மெலனி அதைக் கழுவி, துணியால் துடைத்து, மேசையில் வைத்தாள். அப்படியும் மனம் கேட்கவில்லை. ஹீட்டருக்கும் மேசைக்கும் நடுவே காவலுக்கு உட்கார்ந்தாள். உட்கார்ந்தபடியே தூங்கியும் போனாள்.