தங்கத்தாய் கொடுத்த கடைசிக் குழாய்

“மிச்ச ரத்தத்த எங்கம்மைக்கே திருப்பிக் குடுத்துருவியளா, அக்கா?”

ஆய்வகத்தில் குப்பிகளைக் கழுவும் தங்கத்தாயின் சின்ன மகள் ஒருநாள் கேட்டாள். ஊசி குத்திய இடத்தைப் பஞ்சால் அழுத்திக்கொண்டே தங்கத்தாய் சிரித்தாள். ஆய்வுக்காக ரத்தம் எடுத்த சித்ரலேகாவும் சிரித்தாள். “குடுத்துருதேன்ட்டி.”

அன்று மாலையும் மிச்சத்தை வழக்கம்போல் கழுவுதொட்டியில் ஊற்றினாள்.

தங்கத்தாய் காய்ச்சலில் இறந்து இன்றோடு நாற்பது நாள். அவள் கடைசியாகக் கொடுத்த ரத்தம் குளிர்பெட்டியில் ஒரே ஒரு குழாயில் இருந்தது. தேனீ விஷத்திலுள்ள மெலிட்டின் என்ற சிறு புரதம் செல்சவ்வின் கொழுப்பை எப்படிச் சிதைக்கிறது என்பதே சித்ரலேகாவின் ஆய்வு. விஷம் பட்டால் செல்கள் உடைந்து, கலங்கிய ரத்தம் சில நிமிடங்களில் சிவப்புக் கண்ணாடிபோல் தெளிய வேண்டும். ஒப்பிட எடுத்த சித்ரலேகாவின் சொந்த ரத்தம் தெளிந்தது. தங்கத்தாயுடையது தெளியவில்லை. இது ஐந்தாவது முறை.

“இன்னுமா ஒடையல? விஷத்துக்குப் பதிலா தேன ஊத்திட்டியோ?” பேராசிரியர் பாலசுப்பிரமணியன் வாசலில் நின்று கேட்டார். “ஒரே ஆள் ரத்தத்துல ஆரம்பிச்சது, அதுலயே முடிக்கணும். திங்கக்கிழம முடிவு வரலைன்னா அஞ்சு வருசமும் போச்சும்மா.”

“நாப்பது நாளுக்கு மேல ஆன ரத்தம் சார். சும்மா வச்சாலே ஒடஞ்சிருக்கணும்.”

“அப்போ குழாய மாத்தி எடுத்திருப்ப. நல்லாப் பாரு.”

அவருடைய ஸ்கூட்டர் சத்தம் தேய்ந்ததும் மின்சாரம் போனது. சனிக்கிழமை மதியத்தின் புழுக்கத்தில், ஸ்பிரிட் நெடியும் ஈரச் சாக்கின் வாடையும் கலந்து நிற்க, குளிர்பெட்டியின் முனகல் அடங்கிய அந்த அமைதிக்குள் கண்ணாடியை யாரோ தட்டுவது கேட்டது. இருமுறை. கழுவிய குப்பியைக் கவிழ்த்து விரலால் இருமுறை தட்டுவது தங்கத்தாயின் பழக்கம்.

சத்தம் குளிர்பெட்டிக்குள்ளிருந்து வந்தது.

திறந்தாள். குழாய் உடம்புச்சூட்டில் இருந்தது. எரிச்சலில் கொஞ்சம் ரத்தத்தைத் தனியே எடுத்து, பத்து மடங்கு விஷம் விட்டாள். தெளியவில்லை. கையிலிருந்த குழாய் அதிர்ந்தது. இருமுறை.

கழுவுதொட்டியின் ஓட்டையிலிருந்து ரத்த வாடை மேலெழுந்தது.

சிறுமியின் கேள்வி அப்போதுதான் நினைவுக்கு வந்தது. சிரித்துக்கொண்டே சொன்னதும் வாக்குதான். குழாயைக் கைக்குட்டையில் சுற்றினாள். ஐந்து வருட உழைப்பை மேசையிலேயே விட்டுவிட்டு வெளியே வந்தாள்.

தங்கத்தாயின் சாம்பலைக் கரைத்த குறுக்குத்துறைப் படியில் யாரும் இல்லை. தாமிரபரணி நிறைந்து ஓடியது. ரத்தத்தை மெல்ல ஊற்றினாள்.

கரையவில்லை.

ஓடும் நீருக்குள் அது அசையாமல் நின்றது. பிரிந்தது. ஐந்து விரல்கள். ஏந்திய உள்ளங்கை. மூடாத உள்ளங்கை.

ஐந்து வருடமாகக் கழுவுதொட்டியில் ஊற்றியது எவ்வளவு என்று சித்ரலேகாவுக்குத் தெரியும்.

“எடுத்துக்கோங்கக்கா,” என்று கையை நீருக்குள் விட்டாள்.

சிவந்த விரல்கள் அவளது முழங்கை மடிப்பைத் தேடி வந்தன. பஞ்சு வைத்து அழுத்துவதுபோல, பைய அழுத்தின.