ரஞ்சன் சொல்லாத சாட்சி

அன்று காலை அந்த வீட்டில் டீத்தூள் டப்பாவை மூடுகிற சத்தம்கூடச் சண்டைக்கு இழுத்தது.

பன்னா மூன்று கோப்பைகளில் டீ ஊற்றினாள். கணவர் ரஸிக்லாலுக்கு, மகன் கேயூருக்கு, தனக்கு. எதிரே நின்ற ஓரகத்தி ரஞ்சனுக்கு ஊற்றவில்லை.

கணவன் இறந்தபின் ரஞ்சன் பதினைந்து வருஷமாக அமெரிக்காவில், எடிசன் ஊரில் இந்த வீட்டில்தான் இருக்கிறாள். பன்னா மருந்துக்கடை வேலைக்கு ஓட, கேயூருக்குக் கிச்சடி ஊட்டி, பள்ளிக்கூட பஸ் ஏற்றிவிட்டு வளர்த்தவள் ரஞ்சன்தான். சிகாகோவிலிருந்து அண்ணன் கூப்பிட்டபோதும், மறுமணத்துக்கு ஒரு நல்லவர் கேட்டபோதும், "கேயூர் ஏங்கிப் போயிடுவான்" என்று மறுத்துவிட்டவள்.

"பத்து மணிக்குக் காலேஜ்ல விசாரணை. என்ன சொல்லணும்னு ஞாபகம் இருக்கில்ல?" என்றாள் பன்னா.

"நான் பார்த்ததைச் சொல்லுவேன் அக்கா."

"பார்த்தியா! என்னத்தப் பார்த்தே? எம்புள்ள அன்னிக்கு லைப்ரரில இருந்தான். அதை மட்டும் சொல்லு, போதும்!"

மேஜை ஓரத்தில் கேயூர் டீயைத் தொடாமல் உட்கார்ந்திருந்தான்.

கேயூர் படிக்கும் காலேஜில் தெற்காசியப் பையன்கள் சேர்ந்து நடத்தும் சகோதரர் சங்கம் ஒன்று இருந்தது. குஜராத்தி, பஞ்சாபி, தெலுங்கு, வங்காளி என்று பலரும் ஒரே வீட்டில் தங்கி, நெஞ்சில் சங்கத்தின் அடையாளமான கிரேக்க எழுத்து பொறித்த ஜாக்கெட் போட்டுக்கொண்டு, ஒருவரையொருவர் 'பிரதர்' என்பார்கள். புதிதாகச் சேர வருகிறவர்களுக்கு வாரக்கணக்கில் சோதனை. இந்த வருஷம் அந்தப் பொறுப்பு கேயூருக்கு. நெஞ்சில் எழுத்தோடு அவன் நின்ற படத்தை பன்னா கோயிலில் எல்லாருக்கும் காட்டியிருந்தாள்.

இரண்டு வாரம் முன்பு ஒரு ஞாயிறு மதியம், வழக்கம்போல் சங்க வீட்டுப் பையன்களுக்கு டோக்ளா பலகாரம் கொண்டுபோனாள் ரஞ்சன். வாசற்படியில் கேயூர் வெளிறிப்போய் நின்றான். "சித்தி, உள்ளே போகாதீங்க..." என்றான். போனாள். வெளியே தாழிட்டிருந்த கீழ் அறையில், புதிதாகச் சேர வந்த ஃபாஹிம் என்கிற பையன் தரையில் சுருண்டு கிடந்தான். உதடு வெடித்திருந்தது. கூப்பிட்டால் கண் திறக்கவில்லை. ரஞ்சன்தான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். அது வரும்வரை அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரி காலேஜுக்குச் சொன்னது. காலேஜ் சங்கத்தை மூடியது. "நான் அங்கே இல்லவே இல்லை" என்று கேயூர் வீட்டில் சொல்லிவிட்டான்.

"பொறாமைடி உனக்கு!" பன்னாவின் குரல் உடைந்தது. "வயித்துல ஒண்ணு பொறந்திருந்தா தெரியும் வலி! யாரோ ஒரு பையன் பட்டினியா மயங்கினதுக்கு ஊரைக் கூட்டி, எம்புள்ள டாக்டர் படிப்புல மண்ணைப் போட்டுட்டியே... பதினஞ்சு வருஷம் சோறு போட்டதுக்கு இதுதானா?"

"பன்னா, விடு" என்றார் ரஸிக்லால், செய்தித்தாளிலிருந்து தலை தூக்காமல்.

"விடமாட்டேன்! லைப்ரரின்னு சொன்னா இந்த வீடு. இல்லேன்னா வேற இடம் பார்த்துக்கட்டும்!"

ரஞ்சனுக்குக் கண் நிறைந்தது. ஒருமுறை கேயூரைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"சரிக்கா. பார்த்துக்கறேன்" என்றாள்.

நால்வரும் காரில் காலேஜுக்குப் போனார்கள். விசாரணை அறைக்கு வெளியே நீளமான பெஞ்சு. பன்னா உட்காருவாள், எழுந்திருப்பாள், ஜன்னல்வரை போய்த் திரும்புவாள். முதலில் கேயூரை உள்ளே கூப்பிட்டார்கள். அவனுக்குப் பிறகு ரஞ்சனின் முறை.

அப்போது தலையில் முக்காடிட்ட ஒரு பெண் வந்து ரஞ்சனின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். ஃபாஹிமின் அம்மா ஷிரின். பேட்டர்சன் ஊரிலிருந்து வந்திருந்தாள்.

"நீங்கதானேம்மா அது? கிட்னி ரெண்டும் நின்னு போச்சு... இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா போயிருப்பான்னு டாக்டர் சொன்னார். இப்பத்தான் சிறுநீர் இறங்குது. உங்க மடி அவன் உயிரைப் பிடிச்சு வச்சிருந்ததம்மா!"

பன்னா நடையை நிறுத்தினாள். "கிட்னியா? பட்டினில மயங்கினான்னு சொன்னாங்களே..."

"பட்டினியா? ரெண்டு நாள் தூங்கவிடாம தண்டால் எடுக்க வச்சிருக்காங்க. தண்ணி கேட்டதுக்குக் கதவைப் பூட்டிட்டாங்க! எவன் பெத்த பிள்ளையோ..."

அறைக்கதவு திறந்தது. கேயூர் வெளியே வந்தான். நேராக அம்மா முன்னால் வந்து நின்றான்.

"நான்தாம்மா பூட்டினேன்."

"டேய்... என்னடா சொல்றே?"

"அவன் தண்ணி கேட்டான். நான் சிரிச்சேன். அப்புறம் பயந்து வாசல்ல போய் நின்னுட்டேன். சித்தி வரலேன்னா செத்திருப்பான். 'உங்கம்மாகிட்ட நான் சொல்லமாட்டேன், நீயே சொல்லணும்'னு சித்தி சொன்னாங்க. ரெண்டு வாரமா நீ அவங்களைத் திட்டினப்பெல்லாம் நான் வாயை மூடிட்டு டீ குடிச்சேம்மா... உள்ளே எல்லாத்தையும் சொல்லிட்டேன். அவங்க சித்தியைக் கேக்கவே தேவையில்லைன்னுட்டாங்க. என்னை ஒரு வருஷம் காலேஜை விட்டு வெளியே அனுப்பறாங்க."

பன்னா பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தாள். ரஸிக்லால் முதன்முறையாகத் தம்பி மனைவியின் முன்னால் கை கூப்பினார்.

ஷிரின் கேயூரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அடிப்பாளோ என்று எல்லாருக்கும் தோன்றியது. "என்கிட்டச் சொல்லி என்ன பிரயோசனம்? அவன்கிட்ட வந்து சொல்லு" என்றாள்.

ஆஸ்பத்திரிக்கு எல்லாரும் போனார்கள். ஃபாஹிம் முகம் வீங்கிப் படுத்திருந்தான். கேயூரைக் கண்டதும் எழுந்து உட்காரப் பார்த்தான். கண்ணில் கோபமில்லை. அதுதான் கேயூரைக் கொன்றது.

"பிரதர்... நான் பாஸ் ஆயிட்டேனா? என்னைச் சேர்த்துக்கிட்டீங்களா?"

கேயூர் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். "சங்கமே இல்லடா இப்போ. இருந்தாலும் உன்னைச் சேர்த்துக்க எனக்கு என்ன தகுதி இருக்கு? மன்னிச்சுடுடா... மன்னிக்கலேன்னாலும் சரி, தினம் வருவேன்."

ஃபாஹிம் தலையணையில் சாய்ந்துகொண்டான். பிறகு, "தண்ணி குடுங்க" என்றான். கேயூர் தம்ளரைப் பிடித்துக் குடிக்க வைத்தான்.

வராந்தாவில் பன்னா ரஞ்சனைக் கட்டிக்கொண்டு குலுங்கினாள். "பெத்தவ நான், அவனுக்குப் பெருமை மட்டும்தாண்டி கத்துக்குடுத்தேன்... வயித்தைச் சொல்லி உன்னைக் குத்தினேனே, இந்த நாக்கு அழுகிடாதா! வீட்டுக்கு வாடி ரஞ்சன். உன் கால்ல விழறேன்!"

காலில் குனிந்தவளை ரஞ்சன் தூக்கி நிறுத்தினாள். முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்தாள்.

"கோபம் இல்லக்கா. ஆனா நான் வரல. குழந்தைகள் காப்பகத்துல வேலை கேட்டிருந்தேன், வரச் சொல்லிட்டாங்க. பக்கத்துலயே ஒரு அறையும் இருக்கு. இனிமே யார் வீட்டுச் சோறுன்னு ஒருத்தர் கேக்கற இடத்துல நான் இருக்க வேண்டாம்."

"அப்போ நான் என்னடி பண்ணுவேன்?"

"ஞாயித்துக்கிழமை வாங்க. நான் சமைக்கிறேன்."

சொல்லிவிட்டு, உள்ளே பையனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஷிரினை இரண்டு வாய் சாப்பிட அழைத்துப் போக, ரஞ்சன் அறைக்குள் நுழைந்தாள்.