கல்லீரல் தொடாத பத்து மருந்துகள்

வாருங்கள், வாசகரே! செத்தவனை மறுமுறை கொல்லும் அநீதிக்குச் சாட்சியாக நில்லுங்கள்!

"ஐயோ! என் புருஷனைக் கொன்னுட்டாங்க!"

தடயவியல் ஆய்வக வாசலில் எழுந்த அலறல் துணை இயக்குநரின் நெஞ்சை அறுத்தது. அலறியவள், இறந்துபோன பூச்சிமருந்து ஆலைத் தொழிற்சங்கத் தலைவரின் மனைவி.

உள்ளே இயக்குநர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"ரத்தத்துல விஷமே இல்ல, இன்ஸ்பெக்டர். வெறும் மாரடைப்பு. கேஸை மூடுங்க."

"மூடாதீங்க!" துணை இயக்குநர் குறுக்கே வந்து நின்றாள். "சார், மெஷினை எந்த முறையில ஓட்டினீங்க?"

"எனக்கே பாடமா? டாப் டென்!"

"அப்படின்னா?" இன்ஸ்பெக்டர் விழித்தார்.

துணை இயக்குநர் விளக்கினாள்: "மெஷின் மூலக்கூறுகளை எடை போடும், சார். அதிகமாத் தெரியற பத்தை மட்டும் உடைச்சு, யாருன்னு பார்க்கும். கூட்டத்துல உரக்கக் கத்தற பத்து பேருக்கு மட்டும் மைக் கொடுக்கற மாதிரி! விஷம் மூலையில கம்முனு உட்கார்ந்திருந்தா...?"

"அந்தப் பத்தும் சளி, ஜுர, வலி மருந்துங்க!" இயக்குநர் சீறினார். "ஆளுக்கு உடம்பு சரியில்ல. போய் வேலையைப் பாரும்மா!"

"பார்த்துட்டேன் சார். மிச்ச ரத்தத்தை வேற முறையில ஓட்டினேன். பெரிசு சிறிசு பார்க்காம, வர்ற எல்லாத்தையும் உடைச்சுப் பதிவு பண்ற முறை!"

திரையைத் திருப்பினாள்.

வரைபடக் கோட்டின் ஓரத்தில் ஒரு சின்ன முகடு...

அந்த ஆலையின் பூச்சிமருந்து! ஓர் ஆளைச் சாய்க்கும் அளவு!

இயக்குநரின் முகம் வெளிறியது. ஆனாலும் தோளைக் குலுக்கினார். "சரி... கவனிக்காம விட்டுட்டேன். அது தப்பு. குத்தமா?"

"இருங்க. எல்லாத்தையும் பதிவு பண்ணினதால, இல்லாததும் தெரியுது."

"என்ன உளர்றே?"

"மாத்திரையை முழுங்கினா கல்லீரல் அதை மாத்தும். மாறின பொருள் ரத்தத்துல இருந்தே ஆகணும். இதுல துளிகூட இல்ல! இந்தப் பத்து மருந்தும் அவர் வாய்க்குள்ள போகவே இல்ல... ரத்தக் குப்பிக்குள்ள போயிருக்கு! விஷத்துக்கு மைக் கிடைக்கக் கூடாதுன்னு கூட்டம் சேர்த்திருக்கீங்க! குப்பியோட அரக்கு முத்திரையை உடைச்சது நீங்க மட்டும்தான். ஆலை முதலாளி உங்க மச்சான்தானே?"

இன்ஸ்பெக்டர் விலங்கை எடுத்தார்.

"ஏய்! நான் யார் தெரியுமா? இந்த நாட்டோட டாப் டென் விஞ்ஞானிகள்ல ஒருத்தன்!"

"ஜெயில்ல அந்த முறை கிடையாது, சார். வர்ற எல்லாரையும் எடுத்துக்குவாங்க!"

வாசகரே! 'தேடினோம், ஒன்றும் அகப்படவில்லை' என்று இனி எந்த அதிகாரி சொன்னாலும், எழுந்து நின்று கேளுங்கள்: எப்படித் தேடினாய்?

கேட்கத் தயங்கினால்... மைக் கிடைக்காத அந்தப் பதினோராவது ஆள் நீங்கள்தான்!